ஊரும் ஊர்

படிவத்தில் முதல் கட்டம் இருப்பிடம்.
அட்சரேகை, தீர்க்கரேகை,
புள்ளிக்குப் பின்னால் ஐந்து எண்கள்.
பழைய பதிவேட்டிலிருந்து அவற்றைத் தட்டியதும்
கருவி கண் சிமிட்டியது
ஜமுனா ஆற்றின் நடுவே.

"உங்கள் வீடு அங்கே இருக்கிறதாம்"
என்று தண்ணீரைக் காட்டினேன்.
மோமேனா பேவா வெற்றிலையை மறு கன்னத்துக்குத் தள்ளினாள்.
"உன் பெட்டி பொய் சொல்லவில்லை தம்பி,
இரண்டு மழைக்கு முந்தைய உண்மையைச் சொல்கிறது."

வீடு இப்போது ஒன்றரை மைல் தெற்கே
மணல்திட்டில் நிற்கிறது.
நிற்கிறது என்பதே கொஞ்சம் பெரிய வார்த்தை.
தகரச் சுவர், மூங்கில் கால்கள்,
கையாலேயே கழற்றும் அளவுக்கு முடுக்கிய திருகாணிகள்.
பிரிக்க அரை நாள், படகேற்ற ஒரு நாள்.
அடுப்பை மட்டும் கொண்டுபோக முடியாது.
இது ஏழாவது அடுப்பு.

ஊர்ப் பெயர்? சர் கோலாமுடி.
முந்தைய திட்டுக்கும் இதே பெயர்,
அதற்கு முந்தையதற்கும்.
கரை இடியும் சத்தம் கேட்டதும்
முதலில் படகில் ஏறுவது பெயர்தான்.
பிறகு மாடு, பிறகு தகரம்.

மாவட்டம் என்ற கட்டத்தில்
என் பேனா நின்றுவிட்டது.
திட்டு ஊர்ந்து ஊர்ந்து
எதிர்க்கரைப் பக்கம் வந்துவிட்டிருந்தது.
மருமகன் தொஃபஸ்ஸல் சிரித்தான்:
"நிவாரண அரிசி வரும்போது
நாங்கள் எந்த மாவட்டமும் இல்லை.
வரி வசூலுக்கு
இரண்டு கரையிலிருந்தும் படகு வரும்."

புது மணலில் முதல் வருஷம் நாணல் மட்டும்.
அதன் வேர் பிடித்தபின் நிலக்கடலை,
அப்புறம் மிளகாய், கொஞ்சம் சணல்.
"வாழை நடலாம் என்று துணிச்சல் வரும் பார்,
அது எப்படியோ ஆற்றுக்குத் தெரிந்துவிடும்."

அறுவடை இல்லாத நான்கு மாதம்
தொஃபஸ்ஸல் டாக்காவில் ரிக்‌ஷா மிதிக்கிறான்.
இளைய மகள் காஜிப்பூரில் காலர் தைக்கிறாள்.
அந்தக் காலர்கள் பார்த்த நாடுகளின் பெயர்
அவளுக்குத் தெரியாது.

அடுத்த கேள்வி:
இடம்பெயர்ந்தவரா? ஆம், இல்லை.
மோமேனா பேவா நெடுநேரம் யோசித்தாள்.
"நான் பெயரவே இல்லையே.
இடம்தான் பெயர்ந்தது.
அதற்குக் கட்டம் இருக்கிறதா?"
இல்லை.

பிறகு அவளாகவே கேட்டாள்,
"அந்தப் புள்ளிக்கு என்னைக் கூட்டிப்போவாயா?"

படகில் போனோம். எண்கள் ஒவ்வொன்றாக
பதிவேட்டுக்கு நெருங்கிவந்து பொருந்தின.
அங்கே வலை விரித்திருந்த ஒருவன்
அவள் அடுக்களைக்கு மேலே உட்கார்ந்து
பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.
கழியை இறக்கினாள். தரை தட்டவில்லை.
"இங்கே அடுப்பு. அந்தச் சுழி இருக்கிறதே,
அங்கே கொய்யா மரம்.
அதைத் தாண்டி, வடக்கே பார்த்து..."
விரல் பாதியில் மடங்கியது.
வடக்கே தலை வைத்துப் புதைப்பார்கள் என்பது
எனக்கும் தெரியும்.
கபருக்குத் திருகாணி கிடையாது.

மடியிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்தாள்.
உள்ளே நீரில் மூழ்கிய நிலத்தின் பத்திரம்,
மடிப்புகளில் கிழிந்து,
நூலால் தைத்தது.
"அந்த எண்களை எழுதிக் கொடு.
மண் மேலே வரும் ஒருநாள்.
தேட வேண்டாமா?"

வெற்றுப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தைக் கிழித்தேன்.
"இந்த எண்கள் நகராதே?"
"நகராது."
"அப்படியென்றால் சரி."

பேச்சு மும்முரத்தில்
படகு கொஞ்சம் இழுபட்டிருந்தது.
கருவியில் கடைசி இரண்டு எண்கள்
மாறிப்போயிருந்தன.
பழையதையே எழுதிக் கொடுத்தேன்.